டாக்டரிடம் சொல்லாத மருந்து: உங்கள் அனுபவம் என்ன?

மேலப்பாளையம் மருமகள்

தங்கச்சிக்குப் பிரசவமாகி வார்டில் இருந்தோம். உம்மா பேறுகால மருந்து கிண்டிக் கொண்டுவந்திருந்தாங்க. எல்லார் வீட்டிலும் போடுற சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டியோட எங்க வீட்டில் கருஞ்சீரகமும் அதிமதுரமும் சேரும். பக்கத்துக் கட்டிலில் நாங்குநேரிப் பக்கத்துப் பொண்ணு. அவ மாமியார் தூக்குச்சட்டியிலும் அதே கறுப்பு உருண்டை, மேலே நல்லெண்ணெய் மின்னுது. நர்ஸ் உள்ளே வந்ததும் உம்மா கை தலையணைக்கு அடியில் போச்சு, அந்த அம்மா கை முந்தானைக்குள்ளே போச்சு. "வெளியிலேர்ந்து ஏதும் குடுத்தீங்களா?" "இல்லம்மா." ரெண்டு பேரும் சேர்ந்தே சொன்னாங்க. தங்கச்சிக்கு அப்போ பிரஷர் மாத்திரை ஓடிட்டு இருந்தது. அந்த "இல்லம்மா" இன்னும் உறுத்துது.

அம்பாசமுத்திரம்

எனக்கு நடந்தது நேர்மாறு. பாபநாசத்தில் காணிப் பழங்குடிக் குடியிருப்பு ஆச்சி ஒருத்தர் தேனும் வேரும் வச்சிருந்தாங்க. முட்டு வலிக்கு வேர் கேட்டேன். எடுத்த வேரைக் கையில் வச்சுக்கிட்டே, "சர்க்கரைக்கு மாத்திர தின்னுதியா? பிரஷருக்கு?" என்று கேட்டாங்க. ரெண்டுக்கும் உண்டு என்றேன். வேர் திரும்பப் பைக்குள் போயிடுச்சு. "இது உனக்கு வேண்டாம் தாயி." நான் பார்க்கிற டாக்டர் ஒருத்தரும் நாட்டு மருந்து எடுக்கிறியா என்று இதுவரை கேட்டதில்லை. 1987-இல் கேரள விஞ்ஞானிகளுக்குக் களைப்புப் போக்கும் ஆரோக்கியப்பச்சை மூலிகையைக் காட்டிக்கொடுத்ததும் இதே மலையின் அந்தப் பக்கத்துக் காணிக்காரர்கள்தான். அவங்ககிட்டப் போய் நாம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுறோம்.

பாளை அக்கா

மேலப்பாளையம் தங்கச்சி, மறைத்தது சரியில்லை. அதிமதுரம் பிரஷரை ஏத்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். மாத்திரை ஒரு பக்கம் இறக்க, உருண்டை மறுபக்கம் ஏத்தும்.

எங்க அம்மாவுக்குக் கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை அரைச்சு மோரில் குடுத்தோம். குறையலை. ஸ்கேனில் பித்தக்குழாயில் கல். கீழாநெல்லி கல்லை எடுக்காது.

அதனால் சொல்றேன், காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். இலை அதுக்கு அப்புறம். நாட்டு மருந்துதான் வேணும் என்றால் நம்ம பாளையங்கோட்டையிலேயே 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, படிச்ச மருத்துவர் நாடி பிடிச்சுச் சீட்டு எழுதித் தருவாங்க. பேர் எழுதாத பொட்டலத்தை யார் குடுத்தாலும் வாங்காதீங்க. பற்பம், செந்தூரம் என்று சித்த மருத்துவத்தில் குடுக்கிற பொடிகளில் பலதும் உலோகச் சரக்கு, மாசமா இருக்கும்போது சொந்தமா எடுக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க பூண்டு லேகியத்தைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். ஆபரேஷனுக்கு முன்னாடியும் அப்படித்தான்.

திசையன்விளை

பாளை அக்கா, சொல்லணும் சொல்லணும் என்கிறீங்க. சொன்னால் என்ன ஆகுது? பிள்ளை பால் குடிக்கலை என்று, உள்ளே சிக்கினதை எடுக்கிறதாச் சொல்ற தொக்கம் எடுக்கப் போயிருந்தேன். அந்தப் பாட்டி வீட்டில் முருகன் படம், வாசலில் காத்திருந்ததில் பாதி எங்களை மாதிரி சிலுவைச் சங்கிலி போட்டவங்க, ரெண்டு பேர் துப்பட்டி போட்டவங்க. அங்கே யாரும் யாரையும் எந்தச் சாதி, எந்த வேதம் என்று கேட்கலை. மறுநாள் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி, "படிச்சவதானே நீ? பிள்ளையைக் கொல்லப் பாக்கியா?" என்று கத்தினாங்க. கூட வந்த என் நாத்தனார் அப்புறம் எதையும் சொல்றதில்லை, தலைவலி மாத்திரை போட்டதைக்கூட.

கிராமத்து நர்ஸ்

திசையன்விளை சொல்றது நடக்குது, நான் பார்த்திருக்கேன். "வேற மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பாங்க. நான், "வீட்டில் கிண்டினதா, கடையில் வாங்கினதா? என்ன சரக்கு போட்டீங்க?" என்று கேட்கிறேன். போன மாசம் ஒரு அம்மா சரக்கையெல்லாம் வரிசையாச் சொல்லிட்டு, பைக்குள்ளிருந்து பேரே இல்லாத ஒரு பொடிப் பாட்டிலையும் எடுத்து மேசையில் வச்சாங்க. அவங்க மகளுக்கு ஏழாம் மாசம். பாட்டிலை வாங்கி டாக்டரிடம் குடுத்தோம். அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ஒரு செக்கப்பையும் விடலை.