இடுப்பு முறிந்தவருக்கு நெஞ்சையும் பாருங்கள் – அனுபவப் பகிர்வு

புதுக்குடியிருப்பு, பேத்தி:

அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எண்பது வயது தாண்டியவர். எழும்ப முடியவில்லை. விழுந்த பக்கத்துக் கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பரியாரியாரிடம் கொண்டுபோய்ப் புக்கை கட்டுவோம் என்றார்கள் அயலவர்கள். மாமா கேட்கவில்லை, உடனே 1990 அம்புலன்சுக்கு அழைத்தார். அவர் செய்ததுதான் சரி. இந்த இடுப்பு முறிவுக்கு இயன்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். படுக்கையில் கிடக்கக் கிடக்க நியூமோனியாவும் காலில் இரத்தக்கட்டியும் வந்து சேரும்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காலைப் பற்றித்தான் விசாரித்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் அம்மம்மா சோறு வேண்டாம் என்றார், சத்தி எடுத்தார், மூச்சு வாங்கியது. என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நெஞ்சு நோகுதா என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை" என்றார். ஓடிப்போய் மிஸ்ஸியிடம் சொன்னேன். ஈ.சி.ஜி எடுத்தார்கள், இதயத் தசை பாதித்தால் இரத்தத்தில் கூடும் ட்ரொபோனினையும் பார்த்தார்கள். மாரடைப்பு!

டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினார். எலும்பு முறிந்தால் உள்ளே இரத்தம் கசியும், உடம்பெல்லாம் அழற்சி ஏறும், இரத்தம் உறையும் தன்மை கூடும், இதயம் வேகமாக அடிக்கும். பிரஷரும் சீனி வருத்தமும் உள்ளவருக்கு இதைத் தாங்குவது கஷ்டம். நோவுக்குக் கொடுக்கும் மருந்து நெஞ்சு நோவையும் மறைத்துவிடும். அதனால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வருகிறதாம்.

அம்மம்மா தப்பிவிட்டார். இப்போது வோக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடக்கிறார்.

மல்லாவி, மகன்:

அப்பாவுக்கும் இடுப்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு பாரிசவாதம் வந்தது. தேத்தண்ணி வாயோரத்தால் வழிந்தது, வலது கை தூக்க வரவில்லை. மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பாரிசவாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். இங்கிருந்து ஸ்கான் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமும் அதற்குள்தான் அடக்கம். அண்மையில் பெரிய சத்திரசிகிச்சை நடந்தவருக்கு அந்த ஊசியைப் போட முடியாமலும் போகலாம். அப்படியென்றாலும் தாமதிக்காமல் கொண்டுபோங்கள், செய்வதற்கு வேறு வைத்தியமும் இருக்கிறது.

அப்பாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. அதற்குக் குடித்துவந்த, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசையைச் சத்திரசிகிச்சைக்காக நிறுத்தியிருந்தார்கள். அதை எப்போது திரும்பத் தொடங்குவது என்று துண்டு வெட்டும்போதே கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற தாதி:

இடுப்பு முறிந்த பிறகு மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் ஆபத்து முதல் மாதத்தில்தான் அதிகம், ஆனால் மாதங்கள் கழிந்தும் வரலாம். நேற்று வரை தெளிவாகக் கதைத்தவர் திடீரென்று மாறாட்டமாகக் கதைத்தால் "வயசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். எலும்புக் கிளினிக்கோடு மெடிக்கல் கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள். பஸ்சில் ஏற்ற முடியாத நிலை என்றால், குளிசை முடிவதற்கு முன்பே வீட்டிலிருந்து ஒருவர் கொப்பியோடு போய் டொக்டரிடம் கேளுங்கள்.