அப்பத்தாவின் வலது கண்

முருகேசன் பெரியப்பா: வியாழக்கிழமை அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். கூட யார் போகிறீர்கள்?

ராணி அத்தை: வேண்டாம் அண்ணே. இடது கண்ணே ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் புகைமூட்டமாக இருந்தது. டாக்டர் கெடுத்துவிட்டார் என்று தெருவே பேசுகிறது.

பாண்டி சித்தப்பா: நான் அப்போதே சொன்னேன்.

முருகேசன் பெரியப்பா: நீ ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லையே.

கவிதா: அத்தை, யாரும் கெடுக்கவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கார்னியா என்கிற கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே அப்பத்தாவுக்கு 2.3 மி.மீ. இடம்தான். பலருக்கு 3 மி.மீ. பக்கம் இருக்கும். புரையும் முற்றிப் பழுப்பேறிவிட்டது. அதை உடைக்க அல்ட்ராசவுண்ட் அதிர்வு கூடுதலாக வேண்டும். கருவியின் முனையோ கார்னியாவை ஒட்டியே வேலை செய்யவேண்டியிருக்கிறது.

செந்தில்: பந்தல்காரர் நம்பர் யாரிடம் இருக்கிறது?

கவிதா: கார்னியாவின் உள்பக்கம் ஒரே வரிசையாகச் செல்கள் உண்டு. உள்ளே ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவது அவைதான். செத்தால் புதிதாக முளைக்காது, பக்கத்துச் செல் அகன்று இடத்தை அடைக்கும். ஆபரேஷனில் கொஞ்சம் போவது எல்லோருக்கும் உண்டு, இந்த மாதிரிக் கண்ணில் கூடுதலாகப் போகும். விடிந்ததும் காலண்டர் தேதி தெரியவில்லை, பத்து மணிக்குத் தெரிகிறது என்று அப்பத்தா சொன்னதே? இரவு கண் மூடியிருக்கும்போது நீர் ஆவியாகாமல் கார்னியா ஊதிக்கொள்ளும். அதுதான்.

ராணி அத்தை: ஆமாம், சொன்னது. அப்படியானால் வலது கண்ணை விட்டுவிடலாமே?

கவிதா: விட்டால்தான் மோசம். புரை முற்ற முற்ற லென்ஸ் தடிக்கும், அந்த இடம் இன்னும் சுருங்கும். இடது கண்ணில் இப்போது சதுர மி.மீ.க்கு 1700 செல் இருக்கிறது. 500 பக்கம் இறங்கினால்தான் பயம். வலதில் 2300. அந்த எண்ணிக்கையைக் காட்டி, செல்களைக் காக்கும் ஜெல்லைத் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். கையாலேயே புரையை முழுதாக எடுக்கும் முறை ஒத்துவருமா என்றும் கேளுங்கள்.

பாண்டி சித்தப்பா: போன தடவை பணம் கட்டியது நான்தான்.

முருகேசன் பெரியப்பா: மாடு விற்ற கதையை இப்போது எடுக்காதே.

ராணி அத்தை: சொட்டு மருந்து நான் விட மாட்டேன். கை நடுங்கும்.

செந்தில்: பந்தல்காரர் நம்பர்???

கவிதா: வியாழன் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் நான் போகிறேன். அப்பத்தா என்ன சொல்கிறது?

முருகேசன் பெரியப்பா: திண்ணையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறது. கண்ணாடி போட்டு, வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

ராணி அத்தை: சரி, போங்கள். டாக்டரிடம் நானும் இரண்டு கேள்வி கேட்கணும்.

பாண்டி சித்தப்பா: கார் தருகிறேன். டீசல் யார்?