‘கம்போஸ்டபிள்’ நெகிழிக்கு ‘மக்கும்’ போதாது: ‘வெம்மட்கு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘கம்போஸ்டபிள்’ (எருக்குவியலில் சிதைந்து மறையக்கூடியது) என்பதற்கு ‘மக்கும்’ என்றே வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நேற்றுக் குழுவில் முடிவாகியிருக்கிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பேக்கேஜிங் பொருள்களைச் சோதிப்பதுதான் என் வேலை. இந்தச் சொல்லால் வரும் குழப்பத்தை அங்கேயும் பார்க்கிறேன், என் வீட்டுத் தோட்டத்திலும் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் பழச்சாறு வாங்கினேன். கண்ணாடி மாதிரி பளபளக்கும் டம்ளர். அதன் மேல் ஒரு இலைப் படமும் ‘மக்கும்’ என்ற எழுத்தும் இருந்தன. நம்பி வீட்டு எருக்குழியில் போட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்து எருவை வாரும்போது வாழைமட்டை, முருங்கை இலை, தேங்காய் நார்கூட அடையாளம் தெரியாமல் போயிருந்தன. டம்ளர் மட்டும் மண் ஒட்டிக்கொண்டு முழுசாகக் கிடந்தது. செய்தவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த டம்ளர் சோதனையில் முறையாகத் தேறியதாகவே இருக்கலாம். நாம் கொடுத்த சொல்தான் சோதனை சொன்னதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்துவிட்டது.

சோதனை என்ன சொல்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் இதற்கான தரம் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. ஏற்கெனவே முதிர்ந்த எருவைக் கலத்தில் போட்டு, அதில் நெகிழியைக் கலந்து, காற்றைச் செலுத்திக்கொண்டே 58 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். நெகிழியில் உள்ள கரிமத்தில் 90 விழுக்காடு, 180 நாளுக்குள் கரியமில வாயுவாக வெளியேற வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே செல்லுலோஸ் (தாவர நார்ப்பொருள்) வைத்த கலமும் ஓடும். இது தவிர நொறுங்கும் சோதனை ஒன்று உண்டு: 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், போட்ட எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தங்கக் கூடாது. கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு. கடைசியாக அந்த எருவில் விதை போட்டு முளைக்கிறதா, செடி வளர்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

எல்லாம் அந்த 58 டிகிரியில்தான் இருக்கிறது. என் டம்ளர் போன்றவை பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலம் என்ற நெகிழியில் செய்தவை. 55 முதல் 60 டிகிரி சூட்டில்தான் அது இளகத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் எளிதாக உள்ளே புகுந்து அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டும், நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கிடைக்கும். பெரிய எருக்கூடங்களில் குவியல் தன் சூட்டாலேயே அந்த அளவுக்குக் கொதிக்கும். வீட்டுக் குழியில் அந்தச் சூடு நிற்பதில்லை.

இனி, இங்கே வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

‘மக்கும்’ என்றால் தமிழ்நாட்டில் எவருக்கும் ஒரே பொருள்தான். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தினமும் பிரிக்கிறோம். மண்ணில் போட்டால் மண்ணோடு போய்விடும் என்பதுதான் அது. அந்தப் பொருளைக் கெடுக்கக் கூடாது.

‘பயோடிகிரேடபிள்’ (நுண்ணுயிர்களால் சிதையக்கூடியது) என்பதற்கு ‘மக்கும்’, ‘கம்போஸ்டபிள்’ என்பதற்கு ‘மட்கும்’ என்று பிரிக்கலாம் என்றார் ஒரு நண்பர். இரண்டும் ஒரே சொல். ஒன்று பேச்சில் புழங்குவது, மற்றது எழுத்தில் வருவது. வாயால் சொன்னால் வேறுபாடு காதில் விழாது. கடைக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத வேறுபாட்டை அகராதியில் வைத்துப் பயனில்லை.

‘எருவாகும்’, ‘உரமாகும்’ என்ற இரண்டும் கேட்க அழகாக இருக்கின்றன. நானும் முதலில் ‘எருவாகும் நெகிழி’ என்றே எழுதி வந்தேன். ஆனால் சோதனையே அதை மறுக்கிறது. 90 விழுக்காடு கரிமம் காற்றில் போய்விட்டால் எருவாக என்ன மிச்சம்? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எதையும் இந்த நெகிழி மண்ணுக்குத் தருவதில்லை. எருக்குவியலுக்குள் இருந்து தொந்தரவு இல்லாமல் மறைகிறது, அவ்வளவுதான். விவசாயியிடம் ‘உரமாகும்’ என்று சொல்வது சரியில்லை.

அதனால் என் பரிந்துரை: ‘வெம்மட்கு நெகிழி’. வெம்மையும் மட்குதலும் சேர்ந்தது. வெந்நீர் தெரிந்தவருக்கு ‘வெம்’ என்றவுடன் சூடு நினைவுக்கு வரும். சூடு இல்லாமல் இது மட்காது என்ற நிபந்தனை சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. வீட்டுக் குழியிலேயே மட்கும் நெகிழிக்கு ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 5810 போலத் தனித் தரங்கள் இருக்கின்றன. அதை ‘தண்மட்கு நெகிழி’ என்று சொல்லிவிடலாம். வெந்நீர், தண்ணீர் மாதிரி இணையாக நிற்கும். ‘பயோடிகிரேடபிள்’ என்ற பொதுப்பெயருக்கு ‘உயிர்ச்சிதைவுறும்’ ஏற்கெனவே இருக்கிறது, அது போதும்.

‘ஆக்ஸோ டிகிரேடபிள்’ பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். வெயிலும் காற்றும் பட்டுத் துகளாக உதிர்வதற்காக வேதிப்பொருள் சேர்த்த சாதாரண நெகிழி அது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் அதை விற்கத் தடை போட்டுவிட்டது. அதற்குச் ‘சிதைவு’ என்றோ ‘மட்கு’ என்றோ எதுவும் வேண்டாம். ‘நொறுங்கு நெகிழி’ என்று செய்வதை அப்படியே சொல்வோம்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தோன்றலாம். நம் நாட்டு விதிகளில் 2022 டிசம்பர் 31 முதல் கடைகளில் தரும் நெகிழிப் பையின் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. ‘கம்போஸ்டபிள்’ பைகளுக்கு அந்தத் தடிமன் கணக்கு இல்லை. அதனால் மெல்லிய பை விற்க நினைப்பவர் எல்லோருக்கும் இந்தச் சொல் தேவைப்படுகிறது. சொல் தளர்வாக இருந்தால் எதன் மேலும் ஒட்டிவிடலாம்.

மறுசுழற்சியில் இந்தக் குழப்பத்தின் அடி இன்னும் நேராக விழுகிறது. பழைய இரும்புக் கடையில் பிரிக்கிறவர் கையால் கசக்கி, சத்தம் கேட்டு இனம் பிரிக்கிறார். வெம்மட்குப் பையும் பாலித்தீன் பையும் அவர் கைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பைகளையாவது கழுவும் தொட்டியில் பிரித்துவிடலாம்: பாலித்தீன் மிதக்கும், இது மூழ்கும். ஆனால் என் டம்ளர் போன்றவையும், பெட் என்ற நெகிழியில் செய்த தண்ணீர் பாட்டிலும் இரண்டுமே மூழ்கும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பாலிலாக்டிக் அமிலம் கெட்டுப்போகும், நல்ல பெட் மங்கி மஞ்சளாகும். அவருக்கு உதவக்கூடியது மேலே அச்சிட்ட ஒரு சொல்தான். ‘மக்கும்’ என்பது அவருக்கு எதையும் சொல்வதில்லை, ஏனென்றால் எல்லாப் பையிலும் அது இருக்கிறது.

அப்புறம் ஒரு இலக்கணச் சந்தேகம். ‘வெம்மட்கு நெகிழி’ என்று வினைத்தொகையாக விடுவதா, ‘வெம்மட்கும் நெகிழி’ என்று பெயரெச்சமாக எழுதுவதா? எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது, அச்சில் இடமும் குறையும். ஆனால் ‘வெம்மட்குப் பை’ என்று ஒற்று மிகும்போது ‘வெம்மட்கு’ பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. நான் மேலே இரண்டு விதமாகவும் எழுதிவிட்டேன். இலக்கணம் தெரிந்தவர்கள் எது சரி என்று சொல்லுங்கள், பட்டியலில் அப்படியே ஏற்றிவிடுகிறேன்.