16 கோர் வாங்கினால் காத்திருப்பு பாதியாகுமா?

மர்பி டவுன்காரன்:
பெங்களூரு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, இதுவரை ஆபீஸ் லேப்டாப்பையும் ஒரு பழைய 6 கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 32 ஜிபி ரேம் உள்ள மெஷினையும் வைத்தே ஓட்டிவிட்டேன். இப்போது வேலை ஆண்ட்ராய்டு முழுவதையும் சோர்ஸிலிருந்து பில்ட் செய்வது (எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவது), அதுவும் வீட்டிலிருந்து. காலையில் போட்டுவிட்டு மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏஎம்டியின் 16 கோர் ப்ராசஸர் ரைசன் 9 9950எக்ஸ் எடுக்கலாம் என்று ஆசை. வீட்டில் "அந்தக் காசுக்கு ஃப்ரிட்ஜை மாற்றலாமே" என்கிறாள். 16 கோர் தேவையா, 8 கோர் 9700எக்ஸ் போதுமா?

சிக்கனம் சிங்காரம்:
போதும். 2024 ஆகஸ்டில் இரண்டும் வெளிவந்தபோது பெரியது 649 டாலர், சின்னது 359. கோர் இரண்டு மடங்கு, விலை இரண்டு மடங்குக்கும் கீழே, ஆகா லாபம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் காட்டிய கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும் என்றால் 8 கோரில் 4.7 மடங்கு வேகம், 16 கோரில் 6.4 மடங்கு, அவ்வளவுதான். பந்தியில் பரிமாற பதினாறு பேர் நின்றாலும் சாம்பார் அடுப்பிலிருந்து இறங்கினால்தானே?

கம்பைல் கந்தசாமி:
சிங்காரம் அண்ணா, அந்தப் பத்தில் ஒன்று எங்கிருந்து வந்தது? நீங்களாகப் போட்டது. கூகுள் தன் ஆண்ட்ராய்டு ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது: 72 கோர், 64 ஜிபி ரேம் உள்ள மெஷினில் முழு பில்ட் சுமார் 40 நிமிடம், ஏறக்குறைய அதே ரேமோடு 6 கோரில் சுமார் 6 மணி நேரம். கோர் 12 மடங்கு, வேகம் 9 மடங்கு. உங்கள் கணக்குப்படி பார்த்தால் 6 கோரிலிருந்து 72க்குப் போனாலும் இரண்டேகால் மடங்கைக்கூடத் தொடாது. ஆண்ட்ராய்டு பில்ட் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள், எத்தனை பேர் வந்தாலும் ஆளுக்கொரு இலை கிடைக்கும். இவருக்கு 16 கோர் ஆடம்பரம் இல்லை, பிழைப்பு.

சிக்கனம் சிங்காரம்:
சரி, இந்த வேலைக்குப் பத்தில் ஒன்று அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி, அதே ஆவணத்தில் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மாற்றிய ஃபைலை மட்டும் மறுபடி பில்ட் செய்தால் சில நிமிடம்தான் என்று. இவர் தினமும் முழு பில்டா போடுகிறார்? அப்புறம் 9950எக்ஸ், 9700எக்ஸ் இரண்டும் உட்காருவது ஒரே ஏஎம்5 சாக்கெட்டில் (போர்டில் சிப்பைப் பொருத்தும் இடம்), இரண்டுக்குமே மெமரி சேனல், அதாவது ரேமுக்குப் போகும் பாதை, இரண்டுதான். குழாய் இரண்டு, குடம் மட்டும் பதினாறு.

எஸ்பி ரோடு சுற்றி:
இரண்டு பேரும் கோரையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இதே தப்பைச் செய்தவன். 16 கோர் வாங்கின தெம்பில் ரேமை 32 ஜிபியோடு நிறுத்தினேன். முதல் முழு பில்டில் 32 த்ரெட்டும் (கோருக்கு இரண்டு வேலை வரிசை) ஒரே நேரத்தில் கிளம்பியது, கொஞ்ச நேரத்தில் மெமரி நிரம்பி ஸ்வாப்புக்கு, அதாவது ரேமுக்குப் பதில் டிஸ்க்குக்குப் போய், மவுஸ் அம்பு திரையில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது. டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது. கடைசியில் கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) கம்பைலரை, அதாவது பில்ட் செய்யும் நிரலை, நிறுத்திக் கொன்றுவிட்டது. அப்புறம் இரண்டு மாதம் ஒரே நேரத்தில் பத்து வேலைக்கு மேல் போகாமல் வரம்பு வைத்து ஓட்டினேன், அதாவது பதினாறுக்குக் காசு கொடுத்துவிட்டு. கூகுள் குறைந்தது 64 ஜிபி கேட்கிறது, சும்மா கேட்கவில்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆகவே அதற்கு முதலில் காசை ஒதுக்குங்கள். நம்ம ஊர் கம்ப்யூட்டர் கடைத்தெரு எஸ்பி ரோட்டில் 16 ஜிபி ரேம் குச்சி நாலைத் தள்ளப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். இந்தச் சிப்களில் நாலு டிடிஆர்5 (இவை ஏற்கும் ரேம் வகை) குச்சி போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகமே 3600க்கு இறங்கிவிடும். 32 ஜிபி இரண்டு, அவ்வளவே.

வேடிக்கை பார்ப்பவன்:
கேம் ஆடுவதாக இருந்தால் 8 கோர் 9800எக்ஸ்3டி, சிப்புக்குள்ளேயே 96 எம்பி கேஷ் (வேகமான மெமரி), பேச்சே வேண்டாம். "டாப் எண்ட்" என்ற பெயருக்காகவே வாங்குகிறவர்கள் 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறைக்கு நடந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள், வோல்டேஜ் அதிகமாகப் போய் சிப் கெட்டு, மைக்ரோகோட் (சிப்புக்குள்ளே ஓடும் நிரல்) திருத்தம் விட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தார்கள்.

கம்பைல் கந்தசாமி:
அது வேறு கதை, இவர் கேட்பது பில்ட். 9950எக்ஸின் 170 வாட் பயமாக இருந்தால் பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) ஈகோ மோட் போட்டு இறக்கிக்கொள்ளலாம். சென்னை வெயில் மாதிரி இங்கே இல்லையே.

மர்பி டவுன்காரன்:
நேற்று ராத்திரி எச்டாப்பை (ஒவ்வொரு த்ரெட்டும் எவ்வளவு உழைக்கிறது என்று பட்டையாகக் காட்டும் நிரல்) திறந்து வைத்துக்கொண்டு பில்ட் ஓடுவதையே பார்த்தேன், டீ ஆறிப்போனதுதான் மிச்சம். ஆரம்பத்தில் பல நிமிடம் ஒன்றிரண்டு பட்டைதான் பச்சை, மற்றதெல்லாம் காலி. அப்புறம் பன்னிரண்டு பட்டையும் நிரம்பியது, கந்தசாமி சொன்ன மாதிரியே. ஆனால் அதே நேரத்தில் மெமரி 31 ஜிபியில் முட்டி ஸ்வாப் ஏறிக்கொண்டே போனது, என் நாலு மணி நேரத்தில் எவ்வளவு இதற்கே போயிற்று என்று தெரியவில்லை. இன்று ஒரே ஒரு ஃபைலை மாற்றிப் பார்த்தேன்: ஏழு நிமிடம், பெரும்பாலும் ஒற்றைப் பட்டைதான். கணக்குப் பார்த்தால் முழு பில்ட் வாரத்தில் இரண்டு, இந்த ஏழு நிமிடக் கூத்து தினமும் பதினைந்து தடவை. ஆகவே 9700எக்ஸ், 64 ஜிபி. ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கும் அதற்கு அப்பாலும் விடமாட்டோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, வேண்டுமென்றால் அப்போது மாற்றுகிறேன். சனிக்கிழமை எஸ்பி ரோடு போகிறேன்.

கம்பைல் கந்தசாமி:
போர்டை மட்டும் 16 கோரைத் தாங்குகிற மாதிரி எடுங்கள். ஆறு மாதத்தில் அதைக் கேட்டு இங்கேயே வருவீர்கள்.

சிக்கனம் சிங்காரம்:
வரட்டுமே, அதற்குள் செகண்ட் ஹேண்டில் யாராவது விற்பார்கள்.