உதவி தேவை: லெகோ ஸ்டூடியோஸ் கேமரா அசையவே மாட்டேன் என்கிறது

மஞ்சள்கட்டை:
அவசரம். லெகோ பொம்மைகளை வைத்துக் குறும்படம் எடுக்கும் லெகோ ஸ்டூடியோஸ் தொகுப்பு, இயக்குநர் ஸ்பீல்பெர்க் பெயர் போட்ட பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்தது. கேமராவைச் செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஞாயிறு மகளுக்குப் பிறந்தநாள், அவளுக்கு அதில் படம் எடுத்தாக வேண்டுமாம்.

கொக்கி:
எல்லாம் என்றால் எதெல்லாம்? எந்தக் கணினி? எந்த விண்டோஸ்?

துருச்சாவி:
ஹப்பில் (ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டியில்) செருகியிருப்பீர்கள். பழைய கருவிகளுக்கு ஹப் ஆகாது. என் ஸ்கேனர் இரண்டு வாரம் உயிரை வாங்கியது, கடைசியில் ஹப்தான் காரணம்.

திண்ணைப்பெரியவர்:
தேடிவிட்டுக் கேட்கும் பழக்கமே ஒழிந்துபோயிற்று. பெட்டி எண் 1349, 2000-இல் வந்தது. கேமரா லாஜிடெக் செய்து கொடுத்தது, விண்டோஸ் 98 காலத்துச் சரக்கு. இன்றைய 64-பிட் விண்டோசுக்கு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) கிடையாது. இதற்கு ஓர் இழை வேறு!

கொக்கி:
பெரியவரே, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் கெர்னலில் (உட்கருவில்) அதற்கு டிரைவர் இருக்கிறது. மஞ்சள்கட்டை, முதலில் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (இணைத்த கருவிகளின் பட்டியலில்) வன்பொருள் எண்ணைப் பாருங்கள். 0850 என்று இருந்தால் கேமரா பிழைத்திருக்கிறது. பிறகு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். விண்டோஸைத் தொட வேண்டாம்.

நிழல்பொம்மை:
352×288 பிக்சல் படத்துக்கா இத்தனை பாடு? செல்பேசியில் எடுங்கள். ஸ்டூடியோஸ் என்பதே அந்த ஒரு பெட்டிதான், பத்திரமாக மூடி வையுங்கள்.

வால்நட்சத்திரம்:
ஒரு பெட்டியா! 2001-இல் ஜுராசிக் பார்க் 3 டைனோசர்கள் வந்தன. 2002-இல் ஸ்பைடர்மேன், ஓநாய் மனிதன், இரத்தக்காட்டேரி.

நிழல்பொம்மை:
ஸ்பைடர்மேன் தனி வரிசை.

வால்நட்சத்திரம்:
பெட்டியின் மேலேயே ஸ்டூடியோஸ் என்று இருக்கிறது. என்னிடம் மூன்று இருக்கின்றன.

திண்ணைப்பெரியவர்:
மூன்று வைத்திருப்பவர் பேய்க்கதைப் பெட்டியான ஓநாய் மனிதனை ஸ்பைடர்மேனோடு ஒரே மூச்சில் சொல்லமாட்டார்.

வால்நட்சத்திரம்:
ஆண்டைத்தான் சொன்னேன், உறவுமுறையை அல்ல.

துருச்சாவி:
கேட்டவர் எங்கே போனார்?

மஞ்சள்கட்டை:
விண்டோஸ் 11, சொல்ல மறந்துவிட்டேன். 0850 தெரிந்தது. பென் டிரைவ் வழியில் படமும் வந்தது, கொஞ்சம் பச்சையாக. பேய்ப் படத்துக்கு இதுதான் சரி என்கிறாள் மகள். கொக்கிக்கு நன்றி.

துருச்சாவி:
நல்லது. ஹப்பில் செருகியிருந்தீர்களா, இல்லையா?