'சார்மர்'ங்கறதுக்கு தமிழ்ல என்ன போடலாம்?

வணக்கம் மக்களே, ஒரு சின்ன ஹெல்ப். ஒரு இங்கிலீஷ் கதைய தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன், அதுல ஒரு ஆளு பார்ட்டிக்குள்ள நுழைஞ்சாலே பாட்டியில இருந்து பொடிசு வரைக்கும் பேசியே கவுத்துடுவாரு, அவர 'சார்மர்'னு எழுதியிருக்கு. வசியக்காரன்னு போட்டா எலுமிச்சம்பழமும் மந்திரவாதியும் ஞாபகம் வருது (வேர்ச்சொல் லத்தீன் 'கார்மென்', பாட்டு மந்திரம் ரெண்டும்தான், பாம்பாட்டியவே 'ஸ்னேக் சார்மர்'ங்கறாங்க, அதனால தப்புன்னும் சொல்ல முடியல), மைனர்னா ஜிப்பாவும் செயினும் வந்து நிக்குது, கலகலப்பானவர்னா அந்த மயக்கற மேட்டரே போயிடுது. இன்னொரு எடத்துல சிடுசிடுன்னு எரிஞ்சு விழற ஒருத்தன 'ரியல் சார்மர்'ங்கறாங்க, அது நக்கல்தானே? ரெண்டுக்கும் ஒரே வார்த்தை செட் ஆகுமா? உங்க ஊர்ப்பக்கம் இந்த மாதிரி ஆள என்னன்னு சொல்லுவீங்க?