விலான் 100-ஐ 200-உடன் இணைக்க: டிரான்ஸ்லேட் போடுவதா, பாப் போடுவதா?

டிரங்க்_போர்ட்:
சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் ஓடும் ரவுட்டர். ஒரு போர்ட்டில் விலான் 100 (விலான்னா ஃப்ரேமின் டேக்கில் உள்ள எண்ணால் பிரியும் தனி நெட்வொர்க்), இன்னொன்றில் 200, ரெண்டும் ஒரே பிரிட்ஜ் டொமைன் (ஒரே ஸ்விட்ச் போல ஃப்ரேம் பரிமாறும் குழு). 100 பக்க சப்-இன்டர்ஃபேஸில் "ரீரைட் இன்கிரஸ் டேக் டிரான்ஸ்லேட் 1-டு-1 டாட்1க்யூ 200" இருக்கு, அதாவது டேக் 100-ஐ 200-ஆ மாத்தும் வரி. ஏஆர்பி கேள்வி (ஐபிக்குரிய மேக் முகவரியைக் கேட்பது) 200 பக்கம் போய்ச் சேருது, பதில் வரலை. பேசாம பாப்புக்கு (டேக்கைக் கழட்டுறதுக்கு) மாறிடலாமா?

டேக்மாத்தி:
எதுக்கு? வரியின் கடைசியில் "சிமெட்ரிக்" இல்லை, அவ்வளவுதான். அது இல்லாட்டி உள்ளே வரும்போது மட்டும்தான் 100 என்பது 200 ஆகும். பதில் 200 டேக்கோடயே வெளியே போகும், எதிர்ப்பக்க ஸ்விட்ச் டிராப் பண்ணிடும். சிமெட்ரிக் சேருங்க. 200 பக்கம் ரீரைட்டே வேண்டாம்.

பிரிட்ஜ்வாசி:
ரெண்டு போர்ட் வரைக்கும் அது சரி. நாளைக்கு விலான் 300-ஓட மூணாவது போர்ட் வந்தா அதையும் 200-க்கு மாத்தணும்னு யாராவது ஞாபகம் வெச்சுக்கணும். மறந்தா தப்பான டேக் வெளியே போகும், எர்ரர் எதுவும் காட்டாது. எல்லா போர்ட்டிலும் "ரீரைட் இன்கிரஸ் டேக் பாப் 1 சிமெட்ரிக்" போடுங்க. டேக் நுழையும்போதே கழன்றுடும், வெளியேறும்போது அந்தந்த போர்ட்டின் என்காப்சுலேஷன் எண் (அதன் விலான் எண்) ஏறிக்கும். பின்னாடி பிவிஐ (பிரிட்ஜ் டொமைனுக்கான ரவுட்டிங் இன்டர்ஃபேஸ்) வெச்சு ரவுட்டிங் பண்ணணும்னாலும் டேக் கழன்றுதான் இருக்கணும்.

டேக்மாத்தி:
டேக்கில் விலான் எண் மட்டுமா இருக்கு? 12 பிட் எண்ணோட 3 பிட் பிசிபியும் (முன்னுரிமை மதிப்பு) இருக்கு. கழட்டினா அதுவும் போச்சு. புதுசா ஏறும் டேக்கில் என்ன மதிப்பு வரும்ங்கிறது பிளாட்ஃபார்மைப் பொறுத்தது. வாய்ஸ் டிராஃபிக் 5-ஆ உள்ளே வந்து 0-ஆ வெளியே போனா யார் பதில் சொல்றது?

பிரிட்ஜ்வாசி:
கியூஓஎஸ் (டிராஃபிக் முன்னுரிமை) பாலிசிதான் பதில் சொல்லும். இன்கிரஸில் (உள்ளே வரும்போது) காஸ் 5-ஐ (அதே பிசிபி மதிப்பு) மேட்ச் பண்ணி கியூஓஎஸ்-குரூப் 5 (ரவுட்டருக்குள்ளே மட்டும் இருக்கும் அடையாளம்) செட் பண்ணுங்க, எக்ரஸில் (வெளியேறும்போது) அந்த குரூப்பை மேட்ச் பண்ணி காஸ் 5 செட் பண்ணுங்க. வாய்ஸ் ஓடுற இடத்தில் இதை எப்படியும் எழுதத்தான் போறீங்க.

லூப்காவலன்:
ரெண்டு பேரும் டேக்கையே பார்த்துட்டு இருக்கீங்க. ரெண்டு பக்கமும் பிவிஎஸ்டி பிளஸ் (விலானுக்கு ஒண்ணா ஓடி லூப் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ) ஓடும் சிஸ்கோ ஸ்விட்ச்னா, அதன் பிபிடியூவுக்குள்ளேயே (ஸ்பானிங் ட்ரீ செய்தி) விலான் எண் ஒரு டிஎல்வியா (தனிப் புலமா) உட்கார்ந்திருக்கும். டிரான்ஸ்லேட்டோ பாப்போ, ரவுட்டர் வெளி டேக்கை மட்டும்தான் தொடும். 200-இல் வந்த பிபிடியூவுக்குள்ளே 100 இருந்தா ஸ்விட்ச் "இன்கன்சிஸ்டன்ட் பியர் விலான் ஐடி"ன்னு லாக் எழுதி, அந்த விலானை அந்தப் போர்ட்டில் பிளாக் பண்ணிடும். ரவுட்டரில் எல்லாம் பச்சையா இருக்கும், டிராஃபிக் மட்டும் நகராது. சிமெட்ரிக் சேர்த்த கையோட டிரங்க்_போர்ட் சந்திக்கப்போறது இதைத்தான்.

டேக்மாத்தி:
0100.0ccc.cccd முகவரிக்குப் போகும் ஃப்ரேமை (அந்த பிபிடியூ) லேயர் 2 ஏசிஎல்லில் (வடிகட்டும் விதிப் பட்டியல்) டினை பண்ணிட்டா தீர்ந்தது.

லூப்காவலன்:
ரெண்டு ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரே பாதைன்னா தீர்ந்தது. ரெண்டு பாதை இருந்தா, லூப்பைக் கண்டுபிடிக்கிற ஒரே ஆளை நீங்களே வெளியே அனுப்பிட்டீங்க. எம்எஸ்டிக்கு (பல விலானைச் சேர்த்து நடத்தும் ஸ்பானிங் ட்ரீ) மாறினாலும் ஜாக்கிரதை. அதன் பிபிடியூ டேக் இல்லாமல் வரும், "என்காப்சுலேஷன் டாட்1க்யூ 100"-இல் மேட்ச் ஆகாது, அதனால எதிர்ப்பக்கம் போகவே போகாது. பிளாக்கும் இல்லை, லூப் பாதுகாப்பும் இல்லை. ரெண்டாவது லிங்க் வேணும்னா ஒரே ரவுட்டரில் பண்டிலா (பல லிங்கை ஒரே லிங்கா சேர்த்து) கட்டுங்க.

டிரங்க்_போர்ட்:
ஒரே பாதைதான். சிமெட்ரிக் சேர்த்து ஏசிஎல்லும் போட்டாச்சு, பிங் வருது. ரீரைட் நிஜமாவே ஹார்ட்வேரில் இறங்கியிருக்கான்னு எங்கே பார்க்கிறது?

டேக்மாத்தி:
"ஷோ ஈதர்நெட் டேக்ஸ்". கடைசி ரெண்டு காலம் - மற்றும் + (கழட்டும் டேக், ஏத்தும் டேக் எண்ணிக்கை). டிரான்ஸ்லேட் 1-டு-1-க்கு 1, 1 காட்டணும், பாப்புக்கு 1, 0. அது ஹார்ட்வேர் கணக்கு இல்லை, கான்ஃபிக் கணக்குதான். நிஜம் வேணும்னா எதிர்ப்பக்க ஸ்விட்ச் போர்ட்டை மிரர் பண்ணி (டிராஃபிக்கை நகல் எடுத்து) ஃப்ரேமில் 0x8100-க்கு (டேக் தொடங்கும் குறி) அடுத்த 2 பைட்டைப் பாருங்க: 200-க்கு 00c8, பிசிபி 5-ஓட வந்தா a0c8.

பிரிட்ஜ்வாசி:
மூணாவது போர்ட் வரும்போது திரும்ப வாங்க, பேசலாம்.